காது மெஷினுக்காக நடந்த செஸ் போட்டி

என் மகள் பிறவியிலேயே காது கேட்காதவள். மூன்று வயதில் அரசு காப்பீட்டில் ஆபரேஷன் செய்து தலைக்குள் ஒரு கருவி வைத்தார்கள். காதுக்குப் பின்னால் மாட்டிக்கொள்ள ஒரு மெஷின் கொடுத்தார்கள். அதை மாட்டினால் குக்கர் விசில் முதல் பக்கத்து வீட்டுச் சண்டை வரை எல்லாம் கேட்கும். கழற்றினால் ஒன்றுமே கிடையாது. ஐந்து வருடம் அவளோடு உட்கார்ந்து ஒவ்வொரு சொல்லாகச் சேர்த்தோம்.

எட்டு வயதில் ஒரு நாள் பள்ளியிலிருந்து மழையில் நனைந்துகொண்டே வந்தாள். மெஷினுக்குள் தண்ணீர் போய்விட்டது. அரிசிக்குள் புதைத்து வைத்தோம், வெயிலில் காயவைத்தோம். அதன் சின்ன விளக்கு மறுபடி எரியவில்லை. பெங்களூருக்கு எடுத்துப் போனோம். சர்வீஸ் சென்டரில் இருந்தவர் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது பழைய மாடல், பார்ட்ஸ் வர்றதில்லை" என்று மேஜைமேல் வைத்தார். புது மெஷினுக்கு அவர் சொன்ன விலை, என் கணவர் தக்காளி லோடு வண்டியில் மாரண்டஹள்ளிக்கும் ஓசூருக்குமாக வருடக்கணக்கில் ஓடினாலும் சேராது.

அரசாங்கத்துக்கு மனு எழுதினோம். ஒவ்வொரு முறை போகும்போதும், "ஃபைல் மேல போயிருக்குதும்மா, வரும்" என்றார்கள்.

வீட்டில் அவளுடைய பேச்சு உதிர ஆரம்பித்தது. முதலில் சொற்களின் ஓரம் போனது. 'சோறு' 'ஓறு' ஆயிற்று. பிறகு குரலின் அளவு போனது. கத்துவாள், இல்லாவிட்டால் உதட்டை மட்டும் அசைப்பாள். செத்த மெஷினைத் தினமும் காலையில் தானே மாட்டிக்கொண்டு என் எதிரில் வந்து நிற்பாள். என் வாயையே பார்ப்பாள். பார்த்துப் பார்த்து ஒரு நாள் கோபம் வந்து என் தோளில் அடித்து, "அம்மா, பேசு!" என்றாள். நான் பேசிக்கொண்டுதான் இருந்தேன்.

சேலத்தில் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் அம்மா ஒளிக்காமல் சொன்னார். "இன்னும் ரெண்டு மூணு மாசம் இப்படியே போச்சுன்னா, சேத்ததெல்லாம் போயிருமுங்க."

சர்வீஸ் சென்டரில் மூன்று மாத வாடகைக்கு ஒரு மெஷின் தருவதாகச் சொன்னார்கள். அந்த வாடகையே எங்களுக்கு எட்டாத உயரம். கம்மல் ஏற்கெனவே அடகில் இருந்தது. கணவர் தெரிந்தவர்கள் எல்லோரிடமும் கேட்டுவிட்டு, கடைசியில் கேட்பதையே நிறுத்திவிட்டார்.

அப்போதுதான் மகளின் பள்ளியில் விளையாட்டு சொல்லிக்கொடுக்கும் பி.டி. டீச்சர் வீட்டுக்கு வந்தார்.

"செஸ் போட்டி ஒண்ணு வெக்கலாங்க. கிரவுண்டு வேணாம், பந்து வேணாம். போர்டும் டேபிளும் இருந்தாப் போதும். ஆளுக்கு இவ்ளோன்னு நுழைவுக் கட்டணம் வாங்கலாம். நடுவரா நானே நிக்கறேன்."

"டீச்சர், குதிரை எப்படிப் போகும்னுகூட எனக்குத் தெரியாதுங்க."

"நீங்க குதிரைய ஓட்ட வேணாம். ஆளுங்கள கூப்புடுங்க, போதும்."

ஒரு மாதம் ஓடினேன். பாலக்கோடு, இண்டூர், அதியமான்கோட்டை என்று பேருந்து பேருந்தாக ஏறி ஒவ்வொரு பள்ளியிலும் செஸ் போர்டு இரவல் கேட்டேன். கிடைத்தவற்றில் பாதிக்குக் காய் குறைவு. காணாமல்போன சிப்பாய்களுக்குப் பதில் கடையில் பாட்டில் மூடி வாங்கி வந்தேன். டீச்சர் தலையில் அடித்துக்கொண்டு, தன் சொந்தக் காசில் நான்கு செட் வாங்கினார். நோட்டீஸில் 'ஒரு குழந்தையின் மருத்துவ உதவிக்காக' என்று மட்டும் அச்சடித்தோம். என் மகளைப் பற்றி ஊருக்கெல்லாம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

போட்டிக்கு இரண்டு நாள் முன்னால், தருவதாகச் சொல்லியிருந்த மண்டபம் இல்லையென்றாகிவிட்டது. யாரோ பெரியவர் வீட்டு நிச்சயதார்த்தமாம். ஃபோனைக் கையில் வைத்துக்கொண்டு சமையலறைத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். அழக்கூடத் தோன்றவில்லை. பிறகு எழுந்து, ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போகும் எங்கள் மாதா கோயில் சாமியாரிடம் போனேன். கோயிலை ஒட்டிய ஹாலைக் கேட்டேன்.

"பூசை முடிய ஒம்பது மணி ஆயிருமேம்மா."

"அதுவரைக்கும் வர்றவங்கள வெளிய நிக்க வெக்கறேங்க சாமி. எப்படியாவது குடுங்க."

கொடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை ஒன்பதரை மணிக்கு அறுபது நாற்காலி போட்டிருந்தோம். வந்திருந்தவர்கள் இருபத்திரண்டு பேர். அதே நாளில் ஓசூரில் பெரிய போட்டி ஒன்று இருப்பது எங்களுக்குத் தெரியவே தெரியாது. விற்பதற்காக எலுமிச்சை சாதம் எண்பது பேருக்குக் கிண்டி வைத்திருந்தேன். டீச்சர் என் முகத்தைப் பார்க்காமல் போர்டுகளை நேராக்கிக்கொண்டிருந்தார். கணவர் வாசலில் நின்று சாலையையே பார்த்தார். பத்து மணிக்கு மேல் இன்னும் எட்டுப் பேர் வந்தார்கள். அதற்குப் பிறகு யாரும் வரவில்லை.

இரண்டாவது சுற்றில் சண்டை வந்தது. தூரத்து ஊரிலிருந்து வந்த ஒருவருடைய மகன், காய்கறி மண்டியில் மூட்டை தூக்கும் ஒருவரோடு ஆடிக்கொண்டிருந்தான். பையன் ராணியைத் தொட்டுவிட்டு, யோசித்து, யானையை நகர்த்தினான். எதிரில் இருந்தவர் கையைத் தூக்கினார். "தொட்ட காயைத்தான் ஆடணும்" என்று டீச்சர் தீர்ப்புச் சொன்னார். ராணி போயிற்று, ஆட்டமும் போயிற்று.

பையனின் அப்பா எழுந்துவிட்டார். "இது என்னாங்க டோர்னமென்ட்டு? கடிகாரம் கெடையாது, ஒழுங்கா ஒரு நடுவர் கெடையாது. அம்பது கிலோமீட்டர் வந்துருக்கோம். காசத் திருப்பிக் குடுங்க!"

அவரைப் பார்த்து இன்னும் இரண்டு பேர் எழுந்தார்கள். "யாருங்க இத நடத்தறது?"

"நான்தாங்க" என்று முன்னால் போனேன். இருக்கிற காசையும் திருப்பிக் கொடுத்தால் எல்லாம் முடிந்தது. "தப்பா இருந்தா மன்னிச்சுக்குங்க. தயவு பண்ணி உக்காருங்க." கையெடுத்துக் கும்பிட்டேன். அவர் விரலை என் முகத்துக்கு நேராக நீட்டி மேலும் கத்தினார்.

மகள் சாப்பாட்டு மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள். அவளுக்குக் கேட்டது எதுவுமில்லை. பார்த்தது, அம்மாவின் முகத்துக்கு நேராக ஒரு ஆளின் விரல். ஓடி வந்து அவர் சட்டையை இரண்டு கையாலும் பிடித்து இழுத்துக் கத்தினாள். சொல்லென்று அதில் எதுவும் இல்லை. ஏறி ஏறி, உடைந்து, நிறுத்தத் தெரியாமல் போய்க்கொண்டே இருந்த ஒரு குரல். தன் குரல் தனக்கே கேட்காத பிள்ளை எப்படிக் கத்துமோ அப்படி.

ஹாலில் இருந்த எல்லோரும் அவளையும், அவள் காதுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டிருந்த அந்த மெஷினையும் பார்த்தார்கள். "இந்தப் பாப்பாவுக்குத்தானா?" என்று யாரோ மெல்லக் கேட்டார்கள்.

அந்த நொடியில் எனக்குள் ஓடியதை எழுத வெட்கமாக இருக்கிறது. மகளைக் கட்டிக்கொள்ள வேண்டும் என்று முதலில் தோன்றவில்லை. இப்போது காசு விழும் என்றுதான் தோன்றியது.

விழுந்தது. சட்டையைச் சரிசெய்துகொண்ட அந்த மனிதர் போய், சாப்பாட்டு மேஜையில் நாங்கள் வைத்திருந்த உண்டியலில் காசு போட்டார். போட்டி முடிந்ததும் மூட்டை தூக்குபவர் தனக்குக் கிடைத்த இரண்டாம் பரிசுப் பணத்தை அப்படியே போட்டுவிட்டுப் போனார். பூசைக்கு வந்து வாசலில் பேசிக்கொண்டிருந்த பெண்கள் சிலர் சாதம் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, சாப்பாட்டு விலைக்கு மேலேயே கொடுத்தார்கள். ஒவ்வொருவரும் போடும்போது அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். அவள் என் சேலையைப் பிடித்துக்கொண்டு, ஏன் எல்லோரும் என்னையே பார்க்கிறார்கள் என்று கையால் கேட்டாள். நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

புது மெஷினுக்கு அந்தப் பணம் எந்த மூலைக்கு? மூன்று மாத வாடகைக்கு மட்டும் சரியாக இருந்தது. அந்த வாரமே பெங்களூரு போனோம். மெஷினைப் போட்டுவிட்டதும் திடுக்கிட்டுக் காதைப் பொத்திக்கொண்டாள். இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. பிறகு கொஞ்சம் கொஞ்சமாகப் பேச்சு திரும்பியது. மூன்று மாதம் முடிந்தபோது ஃபைல் இன்னும் வந்திருக்கவில்லை. திருப்பிக் கொடுக்கும் நாளில் அவளே மெஷினைக் கழற்றிப் பெட்டிக்குள் வைத்து மூடினாள். அதற்குப் பிறகு ஒன்பது வாரம் எங்கள் வீட்டில் மறுபடி யாரும் யாரோடும் பேசாத மாதிரி இருந்தது. பத்தாவது வாரம் அரசு மெஷின் வந்தது.

இப்போது பேசுகிறாள். சில எழுத்துகள் மட்டும் திரும்பவே இல்லை.

மறு வருடம் டீச்சர் இன்னொரு பிள்ளைக்காகப் போட்டி வைத்தார். முதலில் வரமாட்டேன் என்றேன். பிறகு நோட்டீஸ் கொடுக்க நானும் போனேன். அந்தப் பிள்ளையின் அம்மா, என்னென்ன செய்ய வேண்டும், எதை எப்படிக் கேட்க வேண்டும் என்று என்னைத் தனியாகக் கூப்பிட்டு விசாரித்தாள். எனக்குச் சொல்லத் தெரிந்தது ஒன்றுதான்.

"போட்டி அன்னிக்கு பாப்பாவ மட்டும் கூட்டியாராதீங்க."