இரண்டு கொக்கிகள்

வேலை செய்யும் இடத்தில் அவரை எல்லோரும் ‘டன்’ என்றுதான் கூப்பிட்டார்கள். வானத்தைத் தொடுகிற கிரேனில் உட்கார்ந்து டன் கணக்கில் கம்பியும் கான்கிரீட்டும் தூக்குகிறவர். ஆளும் அதற்கேற்ற பருமன். “டன் மேல போயாச்சா?” என்று கீழே விசாரித்துக்கொள்வார்கள். அவருக்குக் கோபமே வராது. கூப்பிடுகிறவன் வாயில் பல் இருக்கிறவரைக்கும் கூப்பிடட்டும் என்று சிரித்துவிடுவார்.

வேலையில் கை சுத்தம். எத்தனை மாடிக்கு மேலே இருந்தாலும், தூங்குகிற குழந்தையைப் படுக்கையில் கிடத்துகிற மாதிரி சுமையை இறக்குவார். அதே ஆள் சாப்பிட உட்கார்ந்தால் வேறு கதை. இரண்டு சுமைகளுக்கு நடுவில் கிடைக்கிற கொஞ்ச நேரத்துக்குள் டப்பாவைக் காலி செய்து பழகியவர். மென்றாரா விழுங்கினாரா என்று பக்கத்தில் இருப்பவர்களுக்கே தெரியாது.

புதிதாக வந்த பாதுகாப்பு அதிகாரிதான் பிரச்சினையைக் கிளப்பினார். ஏணியில் ஏறும்போது கட்டிக்கொள்கிற பெல்ட் இவருடைய எடையைத் தாங்காது, எடை இறங்க வேண்டும், இல்லாவிட்டால் நீங்கள் கிரேனை விட்டு இறங்க வேண்டும் என்று தன்மையாகச் சொல்லிவிட்டார். டன் பட்டினி கிடந்து பார்த்தார், நடந்து பார்த்தார். இறங்கிய எடை இரண்டு மடங்காகத் திரும்பி வந்தது. கடைசியில் இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டிச் சிறிதாக்குகிற அறுவைக்குச் சம்மதித்தார்.

ஆஸ்பத்திரியில் உணவு ஆலோசகர் அம்மா புருஷனையும் பெண்டாட்டியையும் எதிரில் உட்காரவைத்துப் பேசினார். முதலில் தண்ணீராக, அப்புறம் கூழாக, அப்புறம்தான் கெட்டியாக. ஒவ்வொரு வாயையும் கூழாகும்வரை மெல்ல வேண்டும். சாப்பாட்டோடு தண்ணீர் கூடாது, நடுவில் அரை மணி நேரமாவது இடைவெளி வேண்டும். ஆனால் மற்ற நேரமெல்லாம் நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சிக்கொண்டே இருக்க வேண்டும், ஒரே மூச்சில் குடிக்க இனி வயிற்றில் இடமில்லை. சத்து மாத்திரை ஆயுசுக்கும். வாந்தி நிற்காமல் வந்தால் அன்றைக்கே கிளம்பி வர வேண்டும். மனைவி காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாள். டன், குருவிக்குப் போடுகிற தீனி மாதிரி இருக்கே என்று தமாஷ் பண்ணினார்.

வீட்டில் இருந்த வாரங்களில் ஒரு குறையும் இல்லை. மனைவி எதிரில் உட்கார்ந்து ஸ்பூன் ஸ்பூனாகக் கொடுத்தாள். எடை மளமளவென்று இறங்கியது. டாக்டர் சரி என்றதும் மறுபடி கிரேனில் ஏறினார். பெல்ட் இடுப்பைச் சுற்றி வந்து மாட்டியபோது கீழே நின்றவர்கள் கைதட்டினார்கள். “இனிமே அரை டன்னு” என்று எவனோ சொன்னான்.

மேலே கூண்டுக்குள் எதிரில் உட்கார்ந்து பார்க்க ஆளில்லை. கான்கிரீட் வண்டிகள் வரிசையில் நின்றால் சாப்பாட்டு நேரம் என்று தனியாக ஒன்று கிடையாது. ஒருநாள் பழைய வேகத்தில் ஒரு கறித்துண்டை விழுங்கினார். அது நெஞ்சுக்குழியில் ஆணி அடித்த மாதிரி நின்றது. வாயெல்லாம் நுரை பொங்கியது. பிளாஸ்டிக் பைக்குள் குனிந்து கக்கிய பிறகுதான் மூச்சே வந்தது. வேகமாகச் சாப்பிட்டதற்குத் தண்டனை என்று நினைத்துக்கொண்டார். ஆனால் அதன்பிறகு மெதுவாகத் தின்றாலும் நின்றது. முட்டை நின்றது. கொஞ்ச நாளில் கஞ்சிகூட நின்றது. மாத்திரையும் தொண்டைக்குக் கீழே மாட்டியதால் அதையும் விட்டுவிட்டார்.

தண்ணீர் விஷயமும் அப்படித்தான். குடித்தால் ஒன்றுக்குப் போக வேண்டும், அதற்கு அவ்வளவு ஏணியும் இறங்கி ஏற வேண்டும். அதனால் பாட்டிலை அப்படியே வைத்திருந்து, வீட்டுக்குக் கிளம்பும்போது மண்ணில் கவிழ்ப்பார். காலி பாட்டிலைப் பார்த்து மனைவிக்கு நிம்மதி.

கீழே நின்று வாக்கி டாக்கியில் சிக்னல் கொடுக்கிறவன் அவளுடைய தம்பி. டன் பிடித்துக் கொடுத்த வேலை அது. ஒரு சாயங்காலம் அவர் இறக்கிக்கொண்டு வந்த பையை வாங்கியவன், அதன் கனத்தையும் நாற்றத்தையும் உணர்ந்து, என்ன மாமா இது என்று கேட்டான்.

“அக்காகிட்ட மூச்சு விடாத மச்சான்,” என்றார் டன். “வாந்தின்னு தெரிஞ்சா என்னை மேல ஏத்த மாட்டாங்க. இத்தனை பாடும் பட்டது எதுக்கு?”

அவன் பையைக் குப்பையில் போட்டான். அக்காவிடம் சொல்லவில்லை.

எல்லோரும் மெச்சினார்கள். தையற்காரர் பேன்ட்டை மறுபடி மறுபடி பிடித்துக் கொடுத்தார். பாதுகாப்பு அதிகாரி புதிதாக வந்தவர்களிடம் இவரைக் காட்டிப் பேசினார். மனைவிக்கு மட்டும் மனசு ஒப்பவில்லை. முகம் ஏன் இப்படி வற்றிப்போச்சு, உதடு ஏன் வெடிச்சிருக்கு என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். மேலே வெயில் என்றார் அவர்.

பிறகு பாதங்கள் மரத்தன. ஏணிப்படி காலுக்குக் கீழே இருக்கிறதா என்று குனிந்து பார்த்துப் பார்த்து ஏறினார். சாப்பாட்டுப் பையை இரண்டு முறை மேலேயே மறந்தார். “கம்பி எந்த மாடிக்கு?” என்று கேட்டுப் பதில் வாங்கிவிட்டு, உடனே மறுபடி அதையே கேட்டார். இளைத்ததில் மூளையும் சேர்ந்து இளைச்சுப்போச்சா என்று யாரோ கிண்டலடித்தார்கள். மைத்துனன் சிரிக்கவில்லை.

அன்று காலை கூண்டில் உட்கார்ந்து கீழே பார்த்தபோது கயிற்றின் நுனியில் இரண்டு கொக்கிகள் தொங்கின. கண்ணைக் கசக்கினார். இரண்டுதான். தரையில் பச்சைச் சட்டை போட்ட மைத்துனன்கள் இரண்டு பேர் ஒரே மாதிரி கையை ஆட்டினார்கள். ஒரு கண்ணை மூடினார். கொக்கி ஒன்றானது. அப்பாடா என்று இருந்தது அவருக்கு.

யாருக்கும் சொல்லாமல், ஒற்றைக் கண்ணால், மதியம்வரை சுமை தூக்கினார்.

ஒரு கண்ணுக்குத் தூரம் சரியாகப் பிடிபடாது, குழம்பிய தலைக்கு வலது இடதும் பிடிபடாது. சாப்பாட்டு வேளைக்குப் பிறகு ஒரு கட்டுக் கம்பி மேலே போனது. சாரத்தில் கொத்தனார்கள் முதுகைக் காட்டிக்கொண்டு பூசிக்கொண்டிருந்தார்கள். மைத்துனன் வலது பக்கம் என்றான். கம்பி இடது பக்கம் திரும்பியது. வலது மாமா, வலது என்றான். இன்னும் இடது பக்கமே போனது.

“மாமா, கையை எடுங்க. லீவரை விட்டுக் கையை எடுத்துடுங்க.”

அந்தக் குரலில் இருந்த ஏதோ ஒன்று அவருக்குள் இறங்கியது. கையை எடுத்தார். கிரேன் தானாக நின்றது. ஆனால் கம்பிக்கட்டு நிற்கவில்லை. போன வேகத்திலேயே ஊசலாடிச் சாரத்தின் கைப்பிடியைப் பிய்த்துக்கொண்டு, கொத்தனார்களின் முதுகுக்கு ஒரு முழம் தள்ளிப் போய்த் திரும்பி வந்தது. மறுபடி போனது. மறுபடி வந்தது. அது ஓய்கிறவரைக்கும் கீழே ஒருத்தரும் மூச்சு விடவில்லை.

அவரால் எழுந்து நிற்க முடியவில்லை. இரண்டு பேர் மேலே ஏறி, பெல்ட்டில் கயிறு கட்டி, அவருடைய பாதத்தை ஒவ்வொரு படியாக எடுத்து வைத்து இறக்கினார்கள். ஆஸ்பத்திரிக்குப் போகும் வண்டியில் மைத்துனன் அக்காவுக்கு போன் செய்து எல்லாவற்றையும் கொட்டிவிட்டான். அவள் ஒரு வார்த்தை திட்டவில்லை. எத்தனை நாளாடா என்று மட்டும் கேட்டாள். அவன் வாரக்கணக்கு என்றான்.

டாக்டர் அவருடைய கருவிழிகள் நிலைகொள்ளாமல் ஆடுவதைப் பார்த்தார், என்ன அறுவை, எத்தனை நாளாக வாந்தி என்று கேட்டார். குளுக்கோஸ் ஏற்றுவதற்கு முன்னால் பி-ஒன் வைட்டமின் சத்தை ஊசியில் ஏற்றச் சொன்னார். அந்தச் சத்து உடம்பில் சேமிப்பாக அதிகம் இருக்காது, நாளெல்லாம் வாந்தி எடுத்தால் சீக்கிரம் தீர்ந்துபோகும், தீர்ந்தால் நரம்பும் மூளையும் அடிவாங்கும் என்று பிறகு மனைவிக்கு விளக்கினார். குழாய் விட்டுப் பார்த்ததில், வெட்டித் தைத்த இரைப்பை ஓரிடத்தில் சுருங்கிப்போயிருந்தது. அதை விரித்துவிட்டார்கள். முதல் வாரமே வந்திருந்தால் அதோடு முடிந்திருக்கும் என்றார் டாக்டர். இந்த வாந்தி பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொள்கிற வாந்தி இல்லையம்மா.

கண் சில நாளில் நேரானது. கால் பாதிதான் திரும்பியது. கைத்தடி இல்லாமல் வீட்டுக்குள்கூட நடக்க முடியாது. ஞாபகம் திரும்பவில்லை. பழைய கிரேன்கள், பழைய கட்டடங்கள் எல்லாம் கண்ணாடி மாதிரித் தெரியும். காலையில் நடந்தது மத்தியானத்துக்குத் தங்காது. அந்தக் கம்பி ஊசலாடியது மட்டும் எப்படியோ ஒட்டிக்கொண்டிருக்கிறது.

இப்போது அவர் சமையலறை மேஜையில் உட்கார்ந்து ஒவ்வொரு வாயாக மெல்கிறார், எல்லாம் நிற்காமல் உள்ளே போகிறது. இடைவெளி பார்த்து மனைவி தண்ணீர் கொடுக்கிறாள், ஒவ்வொரு மிடறும் தொண்டையில் இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். பாதியில் அவர் கை நின்றுவிடும்.

“அன்னைக்கு அந்தக் கம்பி யார் மேலயாவது விழுந்துச்சா?”

“இல்லைங்க. யாருக்கும் ஒண்ணும் ஆகல.”

அவர் முகம் தெளியும். கொஞ்ச நேரம் மெல்வார். பிறகு கை மறுபடி நிற்கும், அதே கேள்வி வரும். லீவு நாளில் பார்க்க வருகிற மைத்துனனுக்கு இரண்டாவது தடவையிலேயே தாங்காது, எழுந்து வாசலுக்குப் போய்விடுவான். அவன் போவதை டன் கவனிப்பார்.

“அவன் ஏன் எந்திரிச்சுப் போறான்?” என்பார் மனைவியிடம், குரலைத் தாழ்த்தி. “நீங்க ரெண்டு பேரும் சேர்ந்து எங்கிட்ட எதையோ மறைக்கிறீங்க.”

அவள் இல்லைங்க என்பாள். அவர் நம்பாத கண்ணோடு அவளைப் பார்த்துக்கொண்டே மெல்வார்.