முதல் கியரிலும் ஏறாத வேன்

பாபநாசம் தாண்டிய மலைப்பாதையில், அய்யனார் கோயிலுக்குப் போகும் எங்கள் வாடகை வேன் முதல் கியரிலேயே திணறி நின்றுவிடுகிறது. கிளட்ச் தீய்ந்த நாற்றம். டிரைவர் திரும்பிப் பார்க்கிறார்.

“எல்லாரும் இறங்கி அந்த வளைவு வரைக்கும் பைய நடங்க. காலி வண்டின்னா ஏறிரும்.”

பொங்கல் பானைகளோடு பெண்கள் இறங்குகிறார்கள். ஒருத்தியின் தோளில் குழந்தை தூங்குகிறது. யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

“முதல் கியர்லயே இழுக்காத வண்டிய மலைக்கு எதுக்கு வே கொண்டாந்தீரு?”

“பின்சக்கர அச்சுல இருக்க பல்சக்கரத்த வண்டி முதலாளி மாத்திப் போட்டுட்டாரு அண்ணாச்சி. இன்ஜின் கம்மியா சுத்தும், சக்கரம் அதிகமா சுத்தும். ராதாபுரம் மாதிரி சமதள ரோட்டுல பறக்கும், டீசலும் மிச்சம். மேட்டுலதான் இழுவை கிடையாது.”

“டீசல் மிச்சம் அவருக்கு. அதுக்கு இந்தப் புள்ளைக்காரி மலையேறணுமா?”

டிரைவர் வண்டியைக் கிளப்புகிறார். காலி வேன் உறுமிக்கொண்டு ஏறிப் போகிறது. அது விட்ட புகைக்குள் நாங்கள் மூச்சிரைக்க நடக்கிறோம். நாங்கள் இன்னும் பாதி மேடுகூட ஏறவில்லை. வளைவில் வண்டியை நிறுத்திக்கொண்டு, சீக்கிரம் வரச்சொல்லி அவர் ஹாரன் அடிக்கிறார்.