ஏரிக்கு அப்பால் விரட்டிய கன்று

வேப்பிலைப் புகையும் சாணமும் மாட்டின் வாய்ப்புண்ணும் கலந்த ஒரு வாடை, கதவைச் சாத்திக்கொண்டு படுத்தாலும் போர்வைக்குள் நுழைந்துவிடும். பெங்களூர் தண்டு என்று நாங்கள் சொல்லும் கன்டோன்மென்ட்டில், காக்ஸ் டவுனை ஒட்டியிருந்த எங்கள் பால்காரத் தெருவில் "வெக்கை" கண்ட வருஷம் அது. நான் பாவாடை கட்டிய சிறுமி. வெக்கை என்றால் இப்போது யாருக்குத் தெரியும்? மாட்டுக்குக் கண்ணில் நீர் வடியும், வாயெல்லாம் புண்ணாகும், அப்புறம் கழிச்சல். ஒரு மாட்டுக்கு வந்தால் தொழுவமே காலி. எங்கள் தொழுவத்தில் முதலில் விழுந்தது லட்சுமி. அவளுடைய கன்று மட்டும் ஒன்றும் அறியாமல் துள்ளிக்கொண்டிருந்தது.

ஊசி போட வந்த மாட்டு டாக்டர், அந்தக் கன்றுக்கும் நோய் இறங்கியிருக்கும், தனியாகக் கட்டி வையுங்கள் என்று கன்னடத்தில் சொல்லிவிட்டுப் போனார். "தனியா கட்டறது இன்னா, ஊரை விட்டே அனுப்பிடலாம்" என்றார் எங்கள் நைனா, டாக்டருக்கே பாடம் சொல்வதுபோல. எங்கள் தெருவில் அதற்கென்று ஒரு வழக்கம் இருந்தது. மஞ்சளில் அம்மன் முகம் பிடித்துப் பழைய முறத்தில் வைத்து, நோய் கண்ட தொழுவத்துக் கன்று ஒன்றின் கழுத்தில் வேப்பிலை கட்டி, தாரை தப்பட்டையோடு ஏரிக்கரை வரை நடத்திப்போய் அப்பால் விரட்டிவிடுவார்கள். "கன்னோட நோவும் போயிடும், யாரும் திரும்பிப் பாக்காதீங்க" என்று பெரியவர்கள் அதட்டுவார்கள். லட்சுமியின் கன்றை அப்படி விரட்டிவிட்டு நாங்களும் திரும்பிப் பார்க்கவில்லை. ஏரிக்கு அந்தப் பக்கமும் மனிதர்கள் மாடு வைத்துத்தான் பிழைக்கிறார்கள் என்ற பேச்சு ஒருவர் வாயிலும் வரவில்லை. வெட்கக்கேடு, வேறென்ன சொல்ல!

அந்தப் பக்கம் குடியிருந்தவள் ஞானம்மா. புருஷனைப் பறிகொடுத்தவள், ஒரே ஒரு பசு, அதன் பாலை விற்றுத்தான் அவளும் இரண்டு பெண் பிள்ளைகளும் சாப்பிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை எங்கள் தெரு வழியாகத்தான் மாதா கோயிலுக்குப் போவாள். என் அம்மாவிடம் நாலு வார்த்தை பேசாமல் தாண்டமாட்டாள். அந்த ஞாயிறு அவள் கையில் ஒரு கயிறு, கயிற்றின் முனையில் எங்கள் கன்று.

"யாரு ஊட்டுக் கன்னும்மா இது? ஏரியாண்ட கத்திக்கினு இருந்துச்சு, பாவம்" என்று வாசல் வாசலாகக் கேட்டுக்கொண்டு வந்தாள். எல்லா வாசலிலும் "எங்களுது இல்லை" என்றார்கள். பூசை போட்டு அனுப்பியதைத் திரும்பச் சேர்த்தால் நோயும் கூடவே வந்துவிடும் என்ற பயம். கன்றோ எங்கள் வீட்டைக் கண்டதும் கயிற்றை இழுத்துக்கொண்டு, தொழுவத்தைப் பார்த்து 'ம்மா' என்று கதறுகிறது. நைனா குச்சியை எடுத்து அதன் மூக்கிலேயே ஒன்று வைத்தார்.

"எங்களுது இல்லம்மா. ஓட்டிக்கினு போ."

"ஐயோ, வாயில்லா ஜீவனை அடிக்காதீங்கண்ணா! யாரும் கேக்கலன்னா நானே வளத்துக்கறேன். எம் பசு சாது, மடி குடுக்கும்."

அம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். நைனா முறைத்தார். அவள் அடங்கிவிட்டாள். வேண்டாம் ஞானம்மா, உன் பசுவிடம் விடாதே என்று யாராவது ஒருவர் சொல்லியிருக்கலாம். தெரு நிறையப் பெரிய மனுஷர்கள் இருந்தார்கள்; ஒரு நாக்கும் புரளவில்லை. ஞானம்மா சந்தோஷமாகக் கன்றை ஓட்டிக்கொண்டு போனாள்.

கன்று முதலில் செத்தது, பின்னாலேயே பசுவும். எங்கள் தெருவில் ஊசி போட்ட மாடுகள் பிழைத்துக்கொள்ள, பூசை பலித்தது என்று பொங்கல் வைத்தார்கள். அம்மா அந்தப் பொங்கலைத் தொடவில்லை. ஞானம்மாவின் பிள்ளைகளுக்குத் தினம் ஒரு சொம்பு பால் அனுப்ப ஆரம்பித்தாள். நைனா பார்த்தும் பார்க்காதவர்போல இருந்துவிட்டார்.

இன்றைக்கு ஏரி இருந்த இடத்தில் அடுக்குமாடிகள். தெருவில் மருந்துக்கும் ஒரு மாடில்லை, பால் பாக்கெட்டில் வருகிறது. வெக்கை நோயே உலகத்தை விட்டு ஒழிந்துவிட்டதாம், நல்லது. நைனா, அம்மா, ஞானம்மா யாரும் இல்லை. போன மாதம் ஞானம்மாவின் சின்ன மகள், என்னைப்போல் அவளும் கிழவிதான், என்னைத் தேடிக்கொண்டு வந்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டு, "எங்கம்மா சாகறவரைக்கும் தினம் ஜெபத்துல உங்க நைனா பேரைச் சொல்லுவாங்க. எங்களுக்குப் பால் ஊத்தின புண்ணியவான்னு" என்றாள்.

அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை எனக்கு. "காப்பி குடிச்சிட்டுப் போம்மா" என்று எழுந்து உள்ளே போய்விட்டேன்.