பாலம் வந்தால் இறங்க வேண்டும்

எங்கள் சித்தப்பாவின் ஜீப்பில் ஏறுகிறவர்களுக்கு நடக்கத் தெம்பு வேண்டும். பட்டாளத்தில் டிரைவராக இருந்து திரும்பியவர் அவர். மலை மேல் எங்கள் ஊரான வெள்ளக்கடையிலிருந்து எஸ்டேட் மிளகு மூட்டைகளை அடிவாரத்துக் குப்பனூருக்கு இறக்குவதுதான் வேலை. வழியில் எந்தப் பாலம் வந்தாலும், அது ஓடைத் தண்ணீருக்குக் குழாய் பதித்த குட்டிப் பாலமாகவே இருந்தாலும், பத்தடி தள்ளி வண்டியை நிறுத்திவிடுவார். எல்லோரும் இறங்க வேண்டும். அவர் பள்ளத்தில் இறங்கி, பாலத்துக்கு அடியில் குனிந்து பார்த்து, கையைத் தூக்கிக் காட்டுவார். நாங்கள் நடந்து கடந்த பிறகு, காலி வண்டியை ஓட்டிக்கொண்டு வருவார். எனக்கும் தம்பிக்கும் இதைவிட நல்ல விளையாட்டு உலகத்தில் இல்லை. அவரோடு கூடக் குனிந்து பார்க்கும் முறை யாருடையது என்று அடித்துக்கொள்வோம்.

பெரியவர்களுக்கு மட்டும் அது விளையாட்டாகப் படவில்லை. சித்தப்பா இலங்கைக்குப் போன படையில் இருந்தவர். அந்தச் சண்டையைப் பற்றி மலையில் இரண்டு கட்சி இருந்தது. நாட்டுக்காகப் போனவர் என்று டீ வாங்கிக் கொடுத்தவர்கள் உண்டு. நம் சனங்களையே சுடப் போனவர் என்று, அவர் உட்கார்ந்த பெஞ்சை விட்டு எழுந்து போனவர்களும் உண்டு. அதனால், யாராவது கேட்டால் காஷ்மீர் என்று சொல்லிவிடுவதென வீட்டில் முடிவு செய்திருந்தார்கள். பனி எப்படி இருக்கும் என்று நான் கேட்டால், “நொம்பக் குளிரு கண்ணு” என்பார் சித்தப்பா, போகாத ஊரைப் பற்றி.

அத்தையைப் பெண் பார்க்கக் குப்பனூரிலிருந்து வருவதாகச் சேதி வந்தபோது எனக்கு எட்டு வயது. மாப்பிள்ளையின் போட்டோவை அத்தை என் தமிழ்ப் புத்தகத்தில் ஒளித்து வைத்திருந்தாள். அந்தப் புத்தகத்தை அவள் அடிக்கடி எடுப்பது படிப்பதற்காக அல்ல என்பது எனக்கே தெரியும். ஆனால் மாப்பிள்ளைக்கு ஒரு பெரியப்பா இருந்தார். படையை இலங்கைக்கு அனுப்பியது தப்பு என்று ஊர் ஊராகக் கூட்டம் போட்டுப் பேசியவர். அந்த வீட்டில் அவர் வைத்ததுதான் சட்டம். சித்தப்பா எங்கே இருந்தார் என்று தெரிந்தால் சம்பந்தம் முறிந்துவிடும் என்று அப்பாவுக்குப் பயம். அவர்களை அழைத்து வரவோ சித்தப்பாவின் ஜீப்பை விட்டால் வேறு வண்டி இல்லை.

“இன்னைக்கு ஒரு நாளைக்குப் பாலத்துல நிறுத்தாம வந்துர்றா” என்றார் அப்பா.

“சரிங்ணா” என்றார் சித்தப்பா.

அப்பா அதை நம்பவில்லை. என்னையும் ஜீப்பில் ஏற்றி, கையில் ஒரு கேன் தண்ணீரைக் கொடுத்து, சித்தப்பா நிறுத்தினால் எஞ்சின் சூடாகிவிட்டது என்று சொல்லச் சொன்னார்.

குப்பனூரில் மாப்பிள்ளையின் பெரியப்பா முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தார். மாப்பிள்ளையும் அவருடைய அம்மாவும் என்னோடு பின்னால். முதல் பாலம் வந்தது. சித்தப்பா முயற்சி செய்தார், அதை நான் பார்த்தேன். பிரேக்கிலிருந்து காலை எடுத்துத் தள்ளி வைத்துக்கொண்டார். பத்தடி இருக்கும்போது வண்டி நின்றுவிட்டது. “எஞ்சின் சூடாயிருச்சுங்க, எல்லாரும் எறங்கோணும்” என்று ஒப்பித்தேன். பானெட்டைத் திறக்க வேண்டும் என்பது தெரியாமல், அதன் மேலேயே தண்ணீரை ஊற்றினேன். இரண்டாவது பாலத்திலும் அதே அபிஷேகம். மூன்றாவதில் கேன் காலி.

“ஏங்கண்ணு, பாலத்துல மட்டுந்தான் எஞ்சின் சூடாகுமா?” என்று மாப்பிள்ளையின் அம்மா கேட்டார். மாப்பிள்ளை சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

பெரியப்பா சிரிக்கவில்லை. பள்ளத்தில் குனிந்திருந்த சித்தப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“உங்க சித்தப்பா பட்டாளத்துல எங்க இருந்தாரு சாமி?”

“காஷ்மீருங்க.”

“காஷ்மீரா” என்றார். என்னை விட்டுவிட்டுப் பாலத்தைக் கடந்து நடந்தார். அத்தையின் கல்யாணம் என்னால் போயிற்று என்று எனக்கு அழுகை முட்டியது.

நான்காவது பாலம் தெரிந்ததும், சித்தப்பா பிரேக்கில் கால் வைப்பதற்கு முன்பே பெரியப்பாவின் குரல் வந்தது. “வண்டி சூடாயிருச்சாட்ட இருக்குது. எல்லாரும் எறங்குங்க.” வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, அவரே சேற்றுப் பள்ளத்தில் இறங்கினார். பாலத்துக்கு அடியில் நிதானமாகப் பார்த்துவிட்டுக் கையைத் தூக்கிக் காட்டினார். சித்தப்பா முதல்முறையாக, தான் குனிந்து பார்க்காமலேயே காலி வண்டியை ஓட்டிக்கொண்டு வந்தார். அதன் பிறகு வந்த பாலங்களில் எல்லாம் இருவரும் ஆளுக்கொரு பக்கம் பார்த்தார்கள்.

ஒரு மணி நேரம் தாமதமாக வீடு போய்ச் சேர்ந்தோம். பஜ்ஜி ஆறிப் போயிருந்தது. யாரும் வரப்போவதில்லை என்று அழுததில் அத்தையின் பவுடர் கோடு கோடாக வழிந்திருந்தது. அப்படியும் மாப்பிள்ளைக்குப் பிடித்துவிட்டது. பெரியப்பாவும் சரி என்றார்.

இலங்கையில் சித்தப்பாவுக்கு முன்னால் போன வண்டி ஒரு பாலத்தின் மேல், அடியில் வைத்திருந்த கண்ணிவெடியில் சிதறிப் போனதையும், காலையில் அவரோடு சாப்பிட்டவர்கள் அதில் இருந்ததையும் பல வருடங்கள் கழித்து அத்தை எனக்குச் சொன்னாள். அந்தச் சண்டையைப் பற்றி அத்தனை ஊரில் பேசிய பெரியப்பாவுக்கு, மூன்றாவது பாலத்திலேயே எல்லாம் புரிந்திருக்கிறது. அதற்காக அவர் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை. படையை அனுப்பியது தப்பு என்று கடைசி வரை பேசினார், எங்கள் வீட்டில் உட்கார்ந்துகொண்டே பேசினார். சித்தப்பா காபி ஆற்றிக் கொடுத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருப்பார். ஆனால் சித்தப்பாவின் ஜீப்பில் வரும்போது, பாலம் வந்தால் முதலில் இறங்குவது பெரியப்பாதான்.

அந்த எட்டு வயதில் நானோ, அவ்வளவு பெரிய மனிதரை ஒரு கேன் தண்ணீரில் ஏமாற்றிவிட்டேன் என்று தம்பியிடம் ஒரு வாரம் பீற்றிக்கொண்டிருந்தேன்.