காற்று இழுக்காத அறை

கைதுடைக்கும் மெல்லிய காகிதம் ஒன்றைக் கூட்டும் தும்புத்தடியின் நுனியில் செருகி, கூரையிலிருந்த காற்றுத் துவாரத்தருகே அவள் பிடித்துக் காட்டினாள். காகிதம் அசையவில்லை. "அண்ணை, இது காத்தை இழுக்கிற ஓட்டையோ, சும்மா வடிவுக்கு வைச்சதோ?" என்று சிரித்தாள். பிறகு நெடுநேரம் இருமினாள்.

லாங்கன்தால் நகருக்கு அருகே ஒரு மருத்துவமனையின் வெளிநோயாளர் பிரிவில் நாங்கள் துப்புரவு வேலை செய்தோம். ஊரில் ஆசிரியராக இருந்து, இங்கே ஜெர்மன் மொழியையும் முறையாகப் படித்தவன் என்பதால் குழுவுக்கு நான் பொறுப்பு. என்னைவிட மிக இளையவளான அவளைத் தங்கச்சி என்றே அழைப்பேன். யன்னல் இல்லாத அந்த அறையில் சிகிச்சைக் கருவிகளைக் கிருமிநீக்கி மருந்தில் கழுவுவது அவள் வேலை.

ஒருநாள் எங்கள் மேலாளரான ஷெஃப்பிடம் முறையிட, தனக்கு ஜெர்மன் வராததால் மொழிபெயர்க்க என்னை அழைத்துப் போனாள். தலையிடி, கண்ணெரிவு, படியேறும்போது மூச்சு முட்டுவது, அசையாத காகிதம் என்று ஒவ்வொன்றாக விரல் மடித்துச் சொன்னாள். நான் ஷெஃப்பிடம், "அறை கொஞ்சம் வெக்கையாம். ஆனால் சமாளிப்பாராம்" என்றேன். அவர் அவளுக்கு நன்றி சொன்னார். தமிழர் முறைப்பாடு சொல்லாதவர்கள் என்று அவர் அடிக்கடி மெச்சுவார். அந்தப் பெயரைக் காப்பாற்றியதாக நினைத்துக்கொண்டேன். என் பதவியும் அதற்குள் ஒளிந்திருந்தது.

மூன்று வருடங்களின் பின், புதிதாக வந்த தாதி ஒருத்தி அதே அறையைப் பற்றி எழுதிக் கொடுத்தாள். ஒரே வாரத்தில் ஆள் வந்து, துவாரத்துக்குள் எப்போதோ நின்றுபோயிருந்த விசிறியை மாற்றினான். "ஏன் எவரும் முன்பே சொல்லவில்லை?" என்று ஷெஃப் என்னிடம்தான் கேட்டார். அதற்குள் அவள் ஆஸ்துமாவோடு வேலையை விட்டிருந்தாள். அந்த அறைதான் காரணம் என்று மருத்துவர் உறுதியாகச் சொல்லவில்லை. அதைச் சாக்காக வைத்து நான் பல வருடங்கள் நிம்மதியாக நித்திரை கொண்டேன்.

இப்போது அங்கே அறைக்கு அறை காற்றை அளக்கும் கருவி இருக்கிறது. நோயாளியாகப் போய்க் காத்திருக்கும் நான் அந்த நல்ல காற்றைச் சுவாசிக்கிறேன். போன மாதம் அப்படிக் காத்திருந்துவிட்டு, நேரே அவள் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன்.

"தெரியும் அண்ணை. நான் அவ்வளவு நேரம் கதைச்சதை நீங்கள் ரெண்டு வரியிலை முடிச்சியள். அப்பவே விளங்கிச்சுது."

"பிறகேன் என்னட்டைக் கேக்கேல்லை?"

"அந்தாளுக்கு முன்னாலை கேட்டா, உங்கட முகம் என்னத்துக்கு ஆகும்?"

அந்தச் சிறிய கேள்வியின் நடுவே அவள் இரண்டு முறை நிறுத்தி மூச்செடுத்தாள். கேட்டு முடிக்கும்வரை நான் காத்திருந்தேன்.