நான் இருக்கும்வரை வேலை செய்த வைஃபைக் குச்சி

நான் சொல்லித்தான் அதை வாங்கினார்கள். அதனால்தான் எனக்கு அவ்வளவு ரோசம் வந்தது.

லண்டனில் எங்கள் கத்தோலிக்கப் பங்குக் கோயில் மண்டபத்துக் கணினியில் ஒரு வைஃபைக் குச்சி செருகியிருக்கிறது. பெருவிரல் நீளம்தான் இருக்கும். அந்தக் கணினியில் நான் லினக்ஸ் போட்டுக் கொடுத்த நாளிலிருந்து அது ஒருநாளும் கரைச்சல் தந்ததில்லை. ஞாயிற்றுக்கிழமைப் பூசையை மன்னாரில் இருப்பவர்கள்கூட அதன் வழியாகத்தான் பார்க்கிறார்கள். ஆகவே, பூசை முடிந்து ஒரு தம்பதி வந்து, தங்கள் மடிக்கணினியில் வைஃபை செத்துவிட்டது என்று சொன்னபோது நான் யோசிக்கவேயில்லை. "மண்டபத்தில இருக்கிற அதே குச்சியை வாங்குங்கோ. கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம்" என்றேன்.

அந்தத் தம்பதியில் மனைவி மன்னாரில் ஒரு பள்ளிக்கூட ஆய்வுகூடத்தில் வேலை பார்த்தவர். பிறகு பாரிஸில் பல வருடம் அலுவலகங்களைத் துப்புரவு செய்தார். லண்டன் வந்தபின் ஒரு மருத்துவமனை ஆய்வுகூடத்தில் உதவியாளர் வேலைக்கு விண்ணப்பித்து, நேர்முகத்துக்கு அழைப்பும் வந்துவிட்டது. வியாழன் காலை, வீடியோவில். திரையில் ஒரு தாளைக் காட்டிக் கேள்வி கேட்போம், கைபேசியில் வரவேண்டாம் என்று எழுதியிருந்தார்கள். "திரும்பவும் ஒரு ஆய்வுகூடத்துக்குள்ள கால் வைக்கிறதெண்டா இதுதான் அக்கா கடைசி வழி" என்றார். அவருக்கு ஐம்பதை நெருங்கும் வயது.

சனிக்கிழமை போனேன். நான் இருப்பது கிழக்கு லண்டனில் பார்க்கிங் என்ற ஊரில். அவர்கள் ஈஸ்ட் ஹாமில் ஒரு சேலைக் கடைக்கு மேல் மாடியில். ரயிலில் ஒரே ஒரு ஸ்டேஷன். இணையம் கீழே கடைக்காரருடையது. ரவுட்டர் கடைக்குள் பூட்டிக் கிடந்ததால் கேபிள் இழுக்க வழியில்லை. மடிக்கணினி பாரிஸிலிருந்து வந்தது; அதிலும் லினக்ஸ்தான், ஆனால் பிரெஞ்சு விசைப்பலகை. ஒரு எழுத்தை அழுத்தினால் இன்னொன்று வந்து நின்றது.

குச்சியைச் செருகினேன். வெளிச்சமே இல்லை. முதலில் துளையைக் குறை சொன்னேன், பிறகு மடிக்கணினியை, பிறகு அதைச் செருகிப் பழுதாக்கியிருப்பார் என்று கணவரை. பெட்டியைக் கொண்டுவரச் சொன்னேன். அதே பெட்டி, அதே படம், அதே பெயர். கடைசியில்தான் செய்ய வேண்டியதைச் செய்தேன்: என்ன செருகியிருக்கிறது என்று கணினியையே கேட்டேன். யூஎஸ்பி கருவி ஒவ்வொன்றும் செருகியவுடன் தன் இலக்கத்தைச் சொல்லும். மண்டபத்துக் குச்சியின் இலக்கம் எனக்கு மனப்பாடம். இது வேறு. செய்த கம்பெனி பெட்டியை அப்படியே வைத்துக்கொண்டு உள்ளே சிப்பை மாற்றிவிட்டிருந்தது.

உண்மையைச் சொன்னால், எனக்குச் சந்தோஷமாக இருந்தது. முகவரி தெரியாத ஒரு சிப் கைக்குக் கிடைத்தால் எனக்குச் சாப்பாடு வேண்டாம். டிரைவர் என்பது கருவியையும் கணினியையும் பேசவைக்கும் நிரல். தனக்குத் தெரிந்த இலக்கங்களின் பட்டியல் ஒன்று அதனிடம் இருக்கும். பட்டியலில் இந்தச் சிப் இல்லை, ஆனால் இதன் ஒன்றுவிட்ட சகோதரம் ஒன்று இருந்தது. என் கைபேசியில் நிரலை இறக்கி, மடிக்கணினிக்கு மாற்றி, இலக்கத்தை ஒரு வரியில் சேர்த்து, டிரைவரைத் திரும்பக் கட்டினேன். மடிக்கணினி மூச்சு வாங்கியது. மனைவி தேநீரும் மீன் ரோல்ஸும் கொண்டுவந்தார். குச்சியில் நீல வெளிச்சம் மினுங்கியது. கணவர் கை தட்டினார்.

தொடர்பு நிலைக்கிறதா என்று பார்க்கத் திரையில் ஒரு கறுப்புச் சன்னலைத் திறந்துவிட்டேன். அதில் மடிக்கணினி ஒவ்வொரு செக்கனும் ரவுட்டரிடம் "இருக்கிறாயா?" என்று கேட்கும், பதில் வந்தால் ஒரு வரி விழும். இரண்டு மணிநேரம் ஒரு வரிகூடத் தவறவில்லை. சன்னலை மூடிவிட்டு, பெருமையோடு ரயில் ஏறினேன். பார்க்கிங்கில் இறங்குகிறேன், கணவரின் அழைப்பு.

"அக்கா, நிண்டிட்டுது."

"என்னத்தைத் தொட்டனீங்கள்?"

"சத்தியமா ஒண்டும் தொடேல்லை."

ஞாயிறும் அதே கதை, திங்களும் அதே கதை. நான் கதிரையில் இருக்கும்வரை குச்சி தங்கம். நான் பார்க்கிங் போய்ச் சேருமுன் செத்துவிடும். கழற்றிச் செருகினால்தான் உயிர் வரும். கடைக்காரரின் ரவுட்டரை, கீழே ஓடும் பஸ்களை, சுவரை, எல்லாவற்றையும் சந்தேகப்பட்டேன். வேறொரு குச்சி வாங்குவோமா என்று கணவர் மெல்லக் கேட்டார். "நான் சொல்லி வாங்கினது. நான்தான் திருத்துவன்" என்று பாய்ந்தேன். நேர்முகம் அவருடைய மனைவிக்கு என்பது அந்த நேரம் எனக்கு நினைவில் இருந்ததாகச் சொல்லமுடியாது.

செவ்வாய் மாலை மனைவி எனக்குப் பின்னால் வந்து நின்றார். "அக்கா, அந்தக் கறுப்புச் சன்னல் ஓடேக்குள்ள ஒண்டும் நடக்கேல்லை. நீங்கள் அதை மூடிப்போட்டுப் போனாப் பிறகுதான் நிக்குது."

"அது சும்மா பாக்கிறதுக்கு. அதுக்கும் இதுக்கும் ஒரு தொடர்பும் இல்லை" என்றேன், தலையைத் திருப்பாமலே.



புதன்கிழமை நான் போய் உட்கார்ந்ததும் ஒரு கொப்பியை விரித்து விசைப்பலகையின் மேல் வைத்தார். அடிமட்டம் வைத்துக் கோடு கீறிய பக்கம். நேரம், சன்னல் திறந்ததா மூடியதா, வெளிச்சம் இருந்ததா போனதா. நான் தட்டிய கட்டளையைப் பார்த்து எழுதிவைத்திருந்து, நான் போனபின் தானே அதை ஓடவிட்டிருக்கிறார். திறந்திருந்தபோது ஒரு மணிநேரம் நின்றது. மூடினால் ஐந்து நிமிடத்துக்குள் போனது. ஒருமுறை நடந்ததை நம்பாமல் மூன்று முறை செய்து பார்த்திருந்தார்.

எனக்குக் காது சுட்டது. இரண்டு வரி வாசித்ததுமே விளங்கிவிட்டது. வேலை இல்லாவிட்டால் சிப் மின்சாரத்தை மிச்சம் பிடிக்க உறங்கும். சகோதரத்தை எழுப்பும் விதம் டிரைவருக்குத் தெரியும், இதை எழுப்பும் விதம் தெரியாது. நானோ "நித்திரையா, நித்திரையா" என்று செக்கனுக்கு ஒருமுறை தட்டிக் கேட்டுக்கொண்டு, இது ஏன் உறங்குவதேயில்லை என்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். இத்தனை வருடம் இந்தத் தொழிலில் இருந்துகொண்டு!

"சரி" என்று சொல்லிவிட்டு விசைப்பலகையை இழுத்தேன். இந்த இலக்கத்துக்கு மட்டும் உறக்கத்தைத் தடைசெய்து டிரைவரைக் கட்டினேன். எல்லாச் சன்னலையும் மூடினோம். ஒரு மணிநேரம் மூன்று பேரும் எதையும் தொடாமல் நீல வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு அவர் ஒரு இணையப் பக்கத்தைத் திறந்தார். உடனே வந்தது.

வேலை அவருக்குக் கிடைத்தது, அதை இப்போதே சொல்லிவிடுகிறேன். வியாழன் காலை என்னையும் வரச் சொல்லியிருந்தார். கறுப்புச் சன்னலும் ஒரு மூலையில் ஓடட்டும் என்றார். "ரெண்டும் இருக்கட்டும் அக்கா." நான் குசினியில் தேநீர் ஊற்றிக்கொண்டு இருந்தேன். அறைக் கதவு சரியாகச் சாத்தப்படவில்லை.

நீங்கள் ஒரு பழுதைக் கண்டுபிடித்த சந்தர்ப்பத்தைச் சொல்லுங்கள் என்று ஒரு பெண்குரல் கேட்டது. அவர் பாரிஸ் வாடை அடிக்கும் ஆங்கிலத்தில் இந்தக் குச்சியின் கதையைச் சொல்லத் தொடங்கினார். அதில் ஒரு நிபுணர் வந்தார். நல்ல கெட்டிக்காரி என்றார். "அவர் கருவியைப் பார்த்தார். நான் அவரையும் சேர்த்துப் பார்த்தேன்." அங்கே யாரோ சிரித்தார்கள்.

"கொப்பியைக் காட்டியதும் அந்த நிபுணர் என்ன செய்தார்?"

சிறிது நேரம் சத்தமில்லை. தொடர்பு போய்விட்டதோ என்று பயந்தேன். பிறகுதான் அவர் யோசிக்கிறார் என்று புரிந்தது. கோப்பை கையில் இருக்க, நானும் யோசித்தேன். என்ன செய்தேன்?

"மன்னிப்புக் கேட்டார்" என்றார் அவர், தெளிவாக. "நன்றியும் சொன்னார்."

நேர்முகம் முடிந்து அவர் வெளியே வந்தபோது நான் எழுந்து நின்றேன்.

"கேட்டதோ அக்கா?"

"கேட்டது. நீங்கள் செவ்வாய்க்கிழமையே சொன்னனீங்கள், நான் திரும்பியும் பாக்கேல்லை. மன்னிச்சுக்கொள்ளுங்கோ. பெரிய நன்றி."

அவர் சிரித்துக்கொண்டே கதிரையில் சாய்ந்தார். "அவையளுக்கு நான் சொன்ன ஒரே பொய் அதுதான் அக்கா. இப்ப அதுவும் பொய்யில்லை."