பலகையில் ஒரு சோடி செருப்பு

போன செவ்வாய்க்கிழமை மாத்தளைச் சந்தையில் மழை பிடித்துக்கொண்டது. மிளகுச் சாக்குகளின் மேல் ஒரு வியாபாரி தறப்பாளை இழுத்துப் போர்த்தினார். நனைந்த தறப்பாளுக்கு ஒரு வாசனை உண்டு. பழைய எண்ணெயும் மண்ணும் கொஞ்சம் பூஞ்சணமும் சேர்ந்தது. உங்களுக்கு அது நாற்றமாக இருக்கலாம். நான் குடையை விரிக்க மறந்து, பதினொரு சாக்குகளையும் எண்ணி முடிக்கும்வரை அங்கேயே நின்றேன். வீட்டுக்கு வந்து பதினான்கு தும்மல்.

எங்கள் கூடாரங்களும் அந்தத் துணியில் தைத்தவைதான். பல்லேபொலப் பக்கம், கொக்கோவும் மிளகும் நின்ற எங்கள் காணி ஓயா என்கிற சிற்றாற்றின் கரையில் முடியும் இடத்தில், வந்து தங்குகிறவர்களுக்காக ஏழு கூடாரங்கள். தைத்தவன் என் மனைவி தவமணியின் தம்பி ராசு. திட்டம் போட்டுத் தொடங்கிய தொழில் அல்ல. வஹகோட்டைக் கோயில் திருநாளுக்குப் போய்த் திரும்பிய வேன் ஒன்று எங்கள் வாசலில் அச்சு முறிந்து நின்றது. ஒன்பது பேர். வீட்டில் இடமில்லை. ராசு இரண்டு லொறித் தறப்பாள்களை மரத்தில் கட்டினான், தவமணி சோறு வடித்தாள். ஓயாவில் குளித்த பிறகு அவர்கள் மூன்று நாள் நகரவில்லை. அச்சு என்னவோ மறுநாளே சரியாகிவிட்டது. அடுத்த வருடம் இருபத்திரண்டு பேராக வந்தார்கள்.

அப்போது நான் எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பித்துக்கொண்டிருந்தேன். கூடாரம் ராசுவுக்கு, அடுப்பு தவமணிக்கு, கவலை எனக்கு என்று வேலை தானாகப் பிரிந்தது. கவலைக்குக் காரணம் இருந்தது. ஓயா மலையிலிருந்து வருவது. இங்கே வெயில் அடிக்கும்போதே அங்கே மழை கொட்டும். தண்ணீர் சிவந்தால் சற்று நேரத்தில் ஆள் உயரம் ஏறிவிடும்.

ஆகவே ஒரு சட்டம் வைத்தேன். கரையில் ஒரு நீளப் பலகை. தண்ணீரில் இறங்குகிறவர் செருப்பை அதில் கழற்றி வைக்க வேண்டும், ஏறியதும் போட்டுக்கொண்டு போக வேண்டும். பலகையில் எத்தனை சோடியோ, தண்ணீரில் அத்தனை பேர். கால் மணிக்கொரு தடவை போய் எண்ணுவேன்.

“மச்சான், மீனுக்கும் ஆளுக்கொரு சோடி வாங்கிக் குடுங்க. அதுகளையும் எண்ணிரலாம்” என்பான் ராசு.

பதினோராவது வருடம் என்று நினைக்கிறேன். இல்லை, பதினோராவதுதான், அந்த வருடம்தான் ஏழாவது கூடாரத்தைக் கறையான் தின்றது. மாத்தளையிலிருந்து பரீதா டீச்சர் தன் சொந்தக்காரப் பெண்களைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். பதினேழு பேர். பெண்கள் குளிக்கும்போது ராசுவும் நானும் மேலே கொக்கோ மரங்களுக்கு அப்பால் நிற்போம். பிற்பகல் மூன்று மணிக்கு மலைப் பக்கம் இருட்டியது. நான் விசிலை ஊதினேன். எல்லோரும் ஏறி, உடை மாற்றி, செருப்பைப் போட்டுக்கொண்டு சிரித்தபடி வந்தார்கள். பலகைக்குப் போனேன்.

ஒரு சோடி மிச்சம் இருந்தது.

நீல வார் போட்ட ரப்பர் செருப்பு. இடது குதி தேய்ந்திருந்தது. தண்ணீரைப் பார்த்தேன், செம்மண் நிறம் வரத் தொடங்கியிருந்தது. பெண்களை வரிசையாக நிற்கச் சொல்லி மூன்று தடவை எண்ணினேன்.

“நாங்க பதினேழு பேரும் இங்கதான் ஈக்கிறோம், சேர்” என்றார் பரீதா டீச்சர். “அந்தச் செருப்பு எங்கட இல்ல.”

“அப்ப யாரோ உள்ளுக்கு இருக்கிறாங்க” என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

கயிற்றோடு ஓடிவந்த ராசு செருப்பைப் பார்த்ததும் நின்றான்.

“மச்சான், இது அக்காவோடது.”

“அவ ஏன் தண்ணிக்குப் போறா? அடுப்படியில இருப்பா.”

“அடுப்படியில யாரும் இல்ல. அக்கா செருப்பு உங்களுக்குத் தெரியாதா?”

தெரியவில்லை. இதை எழுத இப்போதும் கூசுகிறது.

கீழே ஐம்பது அடி தள்ளி ஒரு யானைப் பாறை. அதற்குப் பின்னால் தண்ணீர் ஆழமாகத் தேங்கும் ஒரு கசம் இருந்தது. ஓடிப்போய்ப் பார்த்தோம். தவமணி கழுத்தளவு தண்ணீரில், கண்ணை மூடி, பாறையில் சாய்ந்து நின்றாள். நீரோட்டத்தின் இரைச்சலில் விசில் கேட்டிருக்காது.

“தவமணி, ஏறு.”

“என்னாங்க, கொஞ்ச நேரம் இருந்துட்டு வாறேனே.”

“தண்ணி செவக்குது.”

கண்ணைத் திறந்து பார்த்துவிட்டுக் கையை நீட்டினாள். எட்டவில்லை. ராசு கயிற்றை எறிந்தான், அவள் இடுப்பில் சுற்றிக்கொண்டாள். இழுக்க எங்கள் இரண்டு பேர் பலம் போதவில்லை. என்னிடம் கேட்காமலே பரீதா டீச்சர் கயிற்றைப் பிடித்தார், அவர் பின்னால் பதினாறு பேரும். அவள் மேலே வந்து விழுந்தபோது, அவள் சாய்ந்து நின்ற இடம் வெள்ளத்தில் தெரியவில்லை.

டீச்சர் தன் சால்வையை அவளுக்குப் போர்த்திவிட்டார். தவமணி நடுங்கிக்கொண்டே என்னைப் பார்த்தாள்.

“பதினோரு வருஷம் வாற போற எல்லாரையும் எண்ணுனீங்க. என்னைய ஒரு நாளாவது எண்ணுனீங்களா?”

“நீ குளிக்கப் போறதா யாருக்கும் சொல்லலையே.”

“செருப்பு வச்சேனே. உங்க சட்டம் எனக்கும்தானே.”

அன்று சோறு சமைத்தவர்கள் விருந்தாளிகள். கொஞ்சம் குழைந்துவிட்டது. நான் சாப்பிடவில்லை. அவள் அந்தச் செருப்பைப் பலகையில் வைக்காமல் இறங்கியிருந்தால் என் கணக்குச் சரியாக வந்திருக்கும். பதினேழு. நிம்மதியாகத் தேத்தண்ணி குடித்திருப்பேன்.

மறுநாளிலிருந்து தினமும் நாலு மணிக்கு அவள் அந்தக் கசத்தில் குளிப்பாள். நான் பாறைமேல் மலைப் பக்கம் பார்த்து உட்கார்ந்திருப்பேன். அந்த நேரத்தில் விருந்தாளிகளுக்கு ஓயாவில் இடமில்லை. இது என் இரண்டாவது சட்டம்.

பிறகு மேலே தண்ணீரை வயல்களுக்குத் திருப்பினார்கள். ஓயா மெலிந்தது, ஆட்கள் வருவதும் குறைந்தது. ராசு மகனோடு கொழும்புக்குப் போய்விட்டான். காணியில் பாதியை விற்றோம். கூடாரங்களைச் சுருட்டி வைத்த கொட்டிலும் சரிந்துவிட்டது.

சந்தைக்குப் போய்வந்த மறுநாள் வெயில் அடித்தது. தவமணியைத் திரீவீலரில் ஏற்றிக்கொண்டு ஓயாக் கரைக்குப் போனேன். கசம் இருந்த இடத்தில் மணல் மேடு. அதன் ஓரமாகக் கணுக்கால் அளவு தண்ணீர் ஓடியது.

“இதுலயா என்னைய பத்தொம்பது பேர் இழுத்தீங்க?” என்று சிரித்தாள். பாறையின் அடியில் உட்கார்ந்து காலை நீட்டிப் பார்த்தாள். தண்ணீர் எட்டவில்லை. இன்னும் இரண்டு அடி இறங்க அவள் முழங்கால் இடம் தராது.

நான் இறங்கி இரண்டு கையாலும் அள்ளிக்கொண்டு வந்து அவள் பாதத்தில் ஊற்றினேன். வழியிலேயே பாதி சிந்திவிட்டது. “போதுங்க” என்று அவள் சொல்லும்வரை ஊற்றினேன். எத்தனை தடவை என்று தெரியவில்லை.